நான்காம் தொட்டி

பொன்மனை விலக்கில் இறங்கி
ரப்பர் மூடுகளுக்கு இடையே பத்து நிமிடம் நடந்தால்
கம்பெனி வந்துவிட்டதென்று மூக்குதான் முதலில் சொல்லும்.
அமோனியா.
ஏழு வருடம். எத்தனை முறை அலசினாலும்
சுடிதாரை விட்டுப் போவதில்லை.
பஸ்ஸில் பக்கத்துச் சீட்டும் பெரும்பாலும் எனக்கே.

காலையில் பி.எச். மீட்டரை
மூன்று புட்டிகளில் முக்கி எடுத்தேன்:
நான்கு, ஏழு, பத்து.
அது பொய் சொல்லாது. மறந்துபோகும், அவ்வளவுதான்.
ராத்திரிக்குள் எப்படியோ
ஏழு எதுவென்று அதற்குக் குழம்பிவிடுகிறது.

நான்காம் தொட்டிப் பால் பீக்கரில்.
கொஞ்சம் ஃபார்மலின், கொஞ்சம் தண்ணீர்.
அடியில் காந்தக் குச்சி சுழல,
மேலே ப்யூரெட்டில் காரம், கோடு பூஜ்யத்தில்.

கல்லூரியில் இது எளிது.
பினாப்தலின் இரண்டு சொட்டு.
இளஞ்சிவப்பு வந்து நின்றதும்
"எனக்கு வந்தாச்சு" என்று ஷைனி பாட்டில் அதிரக் கத்துவாள்.
பாலில் எந்த நிறமும் வராது.
எதை ஊற்றினாலும் வெள்ளை அதை விழுங்கிவிட்டு
வெள்ளையாகவே நிற்கும்.
முடிவுப்புள்ளி கண்ணில் படாது;
கழித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மில்லி. பதினைந்து நொடி. எழுது.
பதினொன்று புள்ளி ஒன்று பூஜ்யம்.
ஒரு மில்லி. பதினைந்து நொடி.
புள்ளி இரண்டு ஒன்று.
ஒரு மில்லி.

"பெனிலா மக்களே, டேங்கர் நிக்குது, கேட்டியா?"
வாசலில் கிறிஸ்துதாஸ் சார், குடை சொட்டச் சொட்ட.
"எழுவதுக்குள்ள நிக்குமா?"
ஒன்பது, பத்து, பதினொன்று என்றேன்.
அவருக்குச் சொன்ன பதிலில்லை. நொடிகள்.

அவருக்குத் தெரியாததா.
மூன்று நாள் மழை. சுருளகோட்டில் பேரல்கள்
அமோனியா லாரிக்குக் காத்துக் கிடந்தன.
பால் காத்துக் கிடக்கவில்லை.
சிரட்டையில் விழுந்த நிமிடத்திலிருந்தே
கண்ணுக்குத் தெரியாத வாய்கள் அதில் சர்க்கரை தின்கின்றன,
தின்றதற்குக் கூலியாய் அமிலத்தை விட்டுவைக்கின்றன.
மேலே ஒரு குமிழிகூட இல்லை.

புள்ளி மூன்று ஆறு.
புள்ளி ஆறு பூஜ்யம்.
புள்ளி ஏழு ஏழு.
புள்ளி எட்டு எட்டு.

பக்கத்துக் கட்டத்தில் கழித்தேன்:
பதினொன்று, பதினைந்து, இருபத்தி நாலு,
பதினேழு, பதினொன்று.
ஏறி, நின்று, இறங்கியது.
அந்த இருபத்தி நாலில்தான் பால் தன்னைச் சொல்கிறது.
கணக்குப் போட்டால் புள்ளி எழுபத்தி நாலு.

"ஒரு மில்லி முன்ன திரும்பியிருந்தா?"
"திரும்பல்ல சார்."
"மறுபடி ஒண்ணு எடு."

எடுத்தேன். புள்ளி எழுபத்தி மூணு.
பேனாவைக் கேட்டார். கொடுத்தேன்.
ஒரு கணம் பயந்தேன், பொய்யில்லை.
அவரோ தாளின் ஓரத்தில்
நாலாம் வகுப்புப் பையனைப்போல் உதடு அசைய
என் கழித்தல்களையே திரும்பக் கழித்தார்.
அறுபதிலிருந்து முப்பத்தி ஆறு.
கடன் வாங்கினார், விரல் மடக்கினார்.
இருபத்தி நாலு.

"இண்ணைக்கு ஒக்காது" என்று போனில் சொன்னார்.
வெளியே சசிதரன் டேங்கர் கதவைச் சாத்தும் சத்தம்.
பிறகு, என்னைப் பார்க்காமல்:
"ரெண்டாம் தொட்டியோட கலந்தா?"
"கலந்துட்டு மறுபடி பாக்கணும்."
"பாப்போம்" என்றார்.
அந்தப் பன்மையில் நான் இருக்கிறேனா என்று தெரியவில்லை.

எலக்ட்ரோடில் பால் காய்வதற்குள் துடைத்திருக்க வேண்டும்.
மறந்துவிட்டேன்.
உரித்தால் மெல்லிய தோலாய்க் கழன்று வந்தது,
ஒற்றை விரலுக்கு மட்டும் தைத்த கையுறை மாதிரி.
கையுறைக் கம்பெனிக்குப் போக வேண்டிய பால்தான்.
ஜன்னல் படியில் வைத்தேன்.
அங்கே ஏற்கனவே பதினேழு.
மழை சாய்ந்தடிக்கும்போது
அவற்றில் சில மெதுவாக ஆடும்.